ஊர்ப்பற்றை அளந்தவர்கள்

என் அத்தான் தோரிபியோவுக்குத் தன் ஊர்மேல் பற்று கிடையாது என்று நிபுணர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதைக் கண்டுபிடிப்பதற்காக அவரை ஊரைவிட்டுக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அதுவரை எங்கள் பரிவானியில் யாருக்கும் இந்த விஷயம் தெரியாது. அவருக்கே தெரியாது.

நாங்கள் உரு என்ற மீனவப் பூர்வகுடி மக்கள். போப்போ ஏரி எங்களுடையது, கரை மற்றவர்களுடையது. சுற்றிலும் இருந்த நிலமெல்லாம் அய்மாரா விவசாயிகளுக்கு. "ஒரு சாண் மண்ணு இல்லாத தண்ணிக்காரப் பசங்க" என்று சந்தையில் அவர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். "நீங்க உழுதுட்டு, விதைச்சுட்டு, வானத்தைப் பாத்து அழுதுட்டு இருங்கடா. எங்க சாப்பாடு தானா நீந்தி வரும்" என்று நாங்களும் திருப்பிக் கொடுப்போம். அந்தப் பேச்சுக்குத்தான் கண்பட்டதோ என்னவோ, ஏரி போய்விட்டது. மேலே இருந்தவர்கள் ஆற்றைத் திருப்பிக்கொண்டார்கள், சுரங்கங்கள் தங்கள் கழிவை மட்டும் தவறாமல் அனுப்பின, மழை பொய்த்தது. ஒருநாள் விடிந்தபோது கரை நெடுக மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. அடுத்த பருவத்தில் பூநாரைகள் வந்தன, வட்டமடித்தன, இறங்காமலே போய்விட்டன. உப்பு பூத்த களிமண்வெளிதான் மிச்சம். படகுகள் எங்கெங்கே நின்றனவோ அங்கங்கே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டன.

ஊர்க்காரர்கள் உயுனிப் பக்கத்து உப்பளங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். தோரிபியோவின் மனைவி, என் அக்கா கசில்தாவும் போனாள். தோரிபியோ போகவில்லை. ஏன் என்று கேட்டால், "எல்லாரும் போயிட்டா யாருதான் இருக்கறது?" என்பார். அதற்குமேல் கிண்டினால் வலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பொத்தல் தேட ஆரம்பித்துவிடுவார்.

எழுதப் படிக்கத் தெரிந்த பாவத்துக்கு நான் ஊருக்குச் செயலாளர். எங்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஊருக்குப் பின்னால் சும்மா கிடக்கும் அரசாங்கச் சரிவு நிலம், லாமா மந்தை மேய்க்க. குடிதண்ணீருக்கு அரசாங்க லாரியையே நம்பிக் கிடக்காமல் ஒரு கிணறு. அதற்குச் சட்டம் இருக்கிறது என்றார்கள். சிறுபான்மைப் பூர்வகுடிகள் ஓர் இடத்தோடு பற்றுள்ளவர்கள் என்று நிரூபணமானால் அந்த இடத்திலேயே நிலம் கொடுக்கலாமாம். நிரூபிக்கும் வேலையைச் செய்வதற்கென்றே ஒரூரோ நகரத்தில் 'பூர்வகுடிச் சிறுபான்மையினர் இடப்பற்று ஆய்வு நிறுவனம்' இருந்தது. பெயர்ப்பலகையை முழுசாகப் படித்து முடிப்பதற்குள் காவலாளி வந்து, என்ன வேண்டும் என்று கேட்டுவிடுவான்.

முதலில் களக்குழு வந்தது. மரிபெல் என்ற இளம்பெண் தலைமை. வண்டி பழைய கரையிலேயே நின்றுவிட்டது.

"இதுக்கு மேல வரமாட்டேன்" என்றார் ஓட்டுநர். "வரைபடத்துல இங்கேருந்து ஏரி. ஏரிக்குள்ள வண்டிய விட்டேன்னு எவனாவது எழுதிப்போட்டா என் வேலை போயிடும்."

மரிபெல் மேடமும் அவருடைய ஆட்களும் இறங்கி, ஆளுக்கொரு ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டார்கள். வழிகாட்ட வந்திருந்த எனக்கும் தோரிபியோவுக்கும் இரண்டை நீட்டினார்கள்.

"விதி" என்றார் மேடம். குரலில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. "கரைக்கோட்டைத் தாண்டினா கட்டாயம் போடணும். காப்பீட்டுக்காக."

போட்டுக்கொண்டோம். புழுதிக் காற்று முகத்தில் அறைய, நெஞ்சில் காற்றடைத்த அங்கியோடு வெடித்த களிமண்ணில் வரிசையாக நடந்தோம். கரைமேட்டில் கினோவாக் கதிர் அறுத்துக்கொண்டிருந்த அய்மாராக்காரர்கள் அரிவாளை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னடா தண்ணிக்காரங்களா, நீச்சல் மறந்துபோச்சா?" என்று ஒருவன் கத்தினான்.

"உன் மாமியார் வீட்டுக்குப் போறோம், துணைக்கு வர்றியா?" என்று நான் கத்தினேன். தோரிபியோ சிரிக்கவில்லை. மரியாதையாக அங்கியின் கடைசிக் கொக்கியையும் மாட்டிக்கொண்டு நடந்தார். விதி என்றால் அவருக்குப் பயம்.

நடு வெளியில் நின்று மேடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"நீங்க எந்த இடத்து மேல பற்று வெச்சிருக்கீங்க?"

"ஏரி மேல, மேடம்."

"அது எங்க இருக்கு?"

தோரிபியோ தன் காலடியைக் காட்டினார்.

"இது நிலமாச்சே."

"ஆமா மேடம்."

"அப்ப நிலத்து மேல பற்றுன்னு போட்டுக்கவா?"

"நிலம் நமக்கெதுக்கு மேடம்? ஏரிதான்."

"ஏரிதான் இல்லையே."

"இல்ல" என்று ஒப்புக்கொண்டார் தோரிபியோ.

மேடம் பதில்களைப் பதிந்துகொண்டிருந்த கைக்கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நல்ல பெண். எங்களுக்கு உதவத்தான் நினைத்தார். "இங்க பாருங்க, பொருள் இல்லாத பற்றை எங்க நிறுவனத்துல துக்கம்னு சொல்வோம். துக்கம் எங்க கீழ வராது. நீங்க சுகாதாரத் துறையிலதான் கேக்கணும்."

பிறகு பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். ஒரே மகள், லிதியா, கோச்சபம்பாவில் வீட்டு வேலை செய்கிறாள் என்றார் தோரிபியோ.

"எங்க பொறந்தாங்க?"

"அதோ, அந்த மேட்டுக்கு இந்தப் பக்கம். அங்க நாணல் காடா இருக்கும். திடீர்னு காத்து கெளம்பிடுச்சு, கரை சேர முடியல. படகுலயே பொறந்துட்டா. கசில்தா ஒரு கையால படகு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டே பெத்தா."

"ஊர் பேரு சொல்லுங்க."

"ஊர் இல்ல மேடம். தண்ணி."

பிறந்த இடம் தெரியவில்லை என்று பதிவாயிற்று.

அடுத்து நிறுவனத்தின் இயக்குநர் டாக்டர் பெனவிதெஸ் நேரிலேயே வந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லாததால் பெஞ்சுகளில் பெரியவர்கள் ஒடுங்கி உட்கார்ந்தோம். கசில்தா அக்கா விடுப்பில் வந்திருந்தாள். உப்பில் வெடித்த விரல்களுக்குத் துணி சுற்றியிருந்தாள்.

"அன்பார்ந்த பூர்வகுடிச் சகோதர சகோதரிகளே!" என்று டாக்டர் தொடங்கினார். "பற்று என்பது மலிவான சரக்கு அல்ல. கேட்பவருக்கெல்லாம் அதை அங்கீகரித்துக்கொண்டே போனால் இந்த நாட்டில் ஒவ்வொருவரும் எங்காவது பற்று வைத்துவிடுவார்கள். பிறகு சுரங்கத்தை எங்கே தோண்டுவது? அதனால்தான் அரசு என்னைப் போன்ற ஒருவரை இந்த வாசலில் நிறுத்தியிருக்கிறது. உங்களில் பாதிக்கு மேல் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். போனவர்களுக்குப் பற்று இல்லை. இது வெளிப்படை."

"வயித்துக்காகப் போனாங்க டாக்டர்" என்றேன்.

"வயிறு பற்றைவிடப் பெரிது என்று செயலாளரே ஒப்புக்கொள்கிறார். குறித்துக்கொள்ளுங்கள்." மரிபெல் மேடம் குறித்துக்கொண்டார். "சரி, மிச்சம் நீங்கள் இருக்கிறீர்கள். ஏன் இருக்கிறீர்கள்? போக வழியில்லை. போக வழியில்லாதவன் ஓர் இடத்தில் இருப்பது பற்று ஆகுமா? கல் கூடத்தான் இருக்கிறது."

"அப்ப போனாலும் பற்று இல்ல, இருந்தாலும் பற்று இல்ல" என்றாள் அக்கா. "நாங்க என்னதான் பண்றது டாக்டர், நடுவுல தொங்கறதா?"

"அருமையான கேள்வி, அம்மா! அறிவியல் அதற்கு வழி கண்டிருக்கிறது. பற்றுள்ள ஒருவரை இடத்திலிருந்து பிரித்து வைத்துப் பார்ப்போம். வாடினால் பற்று. வாடாவிட்டால் இல்லை. பிரிவுச் சோதனை என்று பெயர். உங்களில் ஒருவர் வந்தால் போதும், ஊர் முழுவதற்கும் அது பொருந்தும்."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அக்காதான் வாயைத் திறந்தாள்.

"இவரக் கூட்டிட்டுப் போங்க. சந்தைக்கு அனுப்பினாலே பாதி வழியில திரும்பி வர்ற ஆளு. ஒரே வாரத்துல உங்களுக்கு வேணுங்கற வாட்டமெல்லாம் கெடைச்சிரும்."

பெஞ்சுகள் கிரீச்சிட எல்லோரும் சிரித்தார்கள். தோரிபியோவும் சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான் அங்க வந்து என்ன செய்யணும் டாக்டர்?"

"ஒன்றும் செய்ய வேண்டாம். வருந்தினால் போதும்."

"அது செய்வேன்" என்றார் தோரிபியோ.

போனார். நிறுவனத்தின் பின்கட்டில் அவருக்கு ஓர் அறை, இரும்புக் கட்டில், இரண்டு கம்பளி. தினமும் காலையில் தராசில் ஏற்றி நிறுத்தினார்கள். மரிபெல் மேடம் எதிரில் உட்கார்ந்து, "இன்னைக்கு ஏக்கம் எவ்வளவு இருக்கு, ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள?" என்று கேட்டார். ஊருக்கு எது நல்லதோ அதையே போட்டுக்கொள்ளும்படி தோரிபியோ வேண்டிக்கொண்டார். அப்படிச் சொன்னதால் அன்றைய ஏக்கம் செல்லாது என்றாகிவிட்டது.

நான் பார்க்கப் போனபோது அவர் என் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். யாரையோ கொலை செய்துவிட்டவரைப் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே, எடை ஏறுது."

பார்த்தேன். கன்னத்தில் சதை போட்டிருந்தது. எங்கள் ஊரில் கடைசியாக யார் கன்னத்தில் சதையைப் பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

"மூணு வேளையும் போடறாங்க. சூப்பு, ரொட்டி, ஆட்டுக்கறி. தராசுல நின்னா முள்ளு மேலயே போகுது. அந்தப் பொண்ணு மூஞ்சி வாடிப் போகுது மாப்ளே. எனக்குப் பதிலா அதுதான் வாடுது."

"சாப்பிடாதீங்க அத்தான். ஊருக்காக."

"சாப்பாட்ட எப்படிடா வீணாக்கறது? அங்க நீங்கள்லாம்..." ரொட்டிகளைத் தின்னாமல் கட்டிலுக்கு அடியில் ஒரு துணியில் சேர்த்து வைத்திருந்தார். அதை எனக்குக் கொடுப்பதற்காகக் குனிந்தார். துணி இல்லை. அன்று காலையிலேயே கண்டுபிடித்து எடுத்துப் போய்விட்டார்களாம். 'உணவைச் சேமிக்கிறார், நிரந்தரமாகத் தங்கும் மனநிலை தெரிகிறது' என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

"வருத்தமாத்தான் இருக்கு மாப்ளே" என்றார். "சத்தியமா. ஆனா சோறு எறங்குது. எறங்குதேன்னு வெக்கமாவும் இருக்கு. என்னால ஊருக்கே கெடுதல் வந்துடும்போல இருக்கு, என்னைய மாத்திட்டு வேற யாரையாவது அனுப்பச் சொல்லேன். இன்னும் நல்லா வருந்தறவனா."

மாற்ற விதியில்லை என்றார்கள்.

நிறுவனத்துக்கு ஆண்டு விழா வந்தது. தலைநகரிலிருந்து பெரியவர்கள் வருவதாக இருந்ததால் முற்றத்தில் கல் பதித்து ஒரு குளம் கட்டினார்கள். குழாய்த் தண்ணீர் விட்டு, எங்கிருந்தோ நாணலைப் பெயர்த்து வந்து ஓரத்தில் நட்டு, நடுவில் ஒரு சின்னப் படகை மிதக்கவிட்டார்கள். 'உரு மக்களின் வாழ்விடம்' என்று பலகை. செயலாளர் என்ற முறையில் எனக்கும் அழைப்பு வந்தது. கடைசி வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

தோரிபியோவுக்குப் புதுத் தொப்பி வைத்துக் கூட்டி வந்தார்கள். விருந்தினர் புகைப்படம் எடுக்கும்வரை படகில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவர் கல் விளிம்பில் வந்து நின்றார். முழங்கால் ஆழம்கூட இருக்காது. குனிந்து, வலது கையை மணிக்கட்டுவரை தண்ணீரில் விட்டார். அப்படியே இருந்தார். எழுந்திருக்கவில்லை. புகைப்படக்காரர் ஏதோ சொன்னார், அதுவும் அவர் காதில் விழவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் படகுக்குள் கால் வைத்தார். படகு ஒருபக்கம் சாய்ந்து எழுந்தது. அந்த ஆட்டத்துக்கு அவர் உடம்பு தானாகவே வளைந்து கொடுத்தது. இடுப்பு ஒருபக்கம், தோள் மறுபக்கம். இத்தனை வருஷமாகத் தரையில் ஒரு கிழவனைப் போல நடந்துகொண்டிருந்த மனிதர் அந்தக் குலுங்கும் பலகைமேல் நேராக நின்றார். காட்சிக்கு வைத்திருந்த படகுக் கழியை எடுத்து அடியில் ஊன்றித் தள்ளினார். படகு இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்குமாகப் போய் வந்தது. அவர் சிரித்தார். வாய்விட்டு, பல் போன இடமெல்லாம் தெரிய, கண்ணீர் வழியச் சிரித்தார். என்னை எங்கோ கூட்டத்தில் தேடி, "மாப்ளே! மாப்ளே, ஆடுதுடா!" என்று கத்தினார்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மரிபெல் மேடம் தட்டவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பெனவிதெஸ் ஒலிபெருக்கிக்கு வந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"மதிப்புக்குரிய விருந்தினர்களே! உங்கள் கண்முன்னால் அறிவியல் வென்றிருக்கிறது. பூர்வகுடி மனிதனுக்கு ஒரு குறிப்பிட்ட இடம்தான் வேண்டும் என்பது பழைய மூடநம்பிக்கை. இதோ, எங்கள் முற்றத்தில், ஐந்தே நிமிடத்தில், இந்தச் சகோதரர் நிறைவடைந்துவிட்டார்! பற்று இடத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது. மனத்தை எங்கே வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம், போக்குவரத்துச் செலவே இல்லை. இந்த மாபெரும் உண்மையைக் கண்டறிந்த இந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கும் இந்தக் கட்டடத்துக்கும் உள்ள பந்தம் சொல்லில் அடங்காது. அமைச்சகம் என்னை இரண்டு முறை வேறு ஊருக்கு மாற்றப் பார்த்தது. என் அறை, என் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே நான் நட்ட மரம், இவற்றை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? நீதிமன்றத்தில் தடை வாங்கினேன். உயிர் போனாலும் இங்கிருந்து நகரமாட்டேன்!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். குளத்தில் தோரிபியோ இன்னும் போய் வந்துகொண்டிருந்தார். மாலையில் தண்ணீரை வெளியே திறந்துவிட்டுக் குளத்தைக் கழுவும்வரை அவரை இறக்க முடியவில்லை.

முடிவு எங்களுக்கு வந்துசேர்ந்தது. பரிவானி மக்களுக்குப் பொதுவாகத் தண்ணீரோடு பற்று உண்டு. குறிப்பிட்ட எந்த இடத்தோடும் இல்லை. ஆகவே சரிவு நிலம் கிடையாது. தவிர, சோதனைக் காலத்தில் வேறொரு குழு ஊருக்கு வந்து, தோரிபியோவின் வீடு பூட்டிக் கிடப்பதை உறுதி செய்திருந்தது. ஊர் கைவிடப்பட்டது என்று பதிவாயிற்று. கைவிடப்பட்ட ஊருக்குத் தண்ணீர் லாரி அனுப்ப விதியில்லை. லாரி நின்றது. மிச்சமிருந்த நாங்கள் உண்மையாகவே ஊரைக் கைவிட வேண்டியதாயிற்று. பதிவு சரியாகிவிட்டது.

தோரிபியோ திரும்பி வந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கோகா இலையை வாயில் போட்டுக்கொண்டு மெல்லவும் மறந்துபோனார். கூட்டிக்கொண்டு போவதற்காக அக்கா உப்பளத்திலிருந்து வந்தாள்.

"இந்தாய்யா, என்ன இது? எந்திரி."

"நாந்தான் கெடுத்தேன் கசில்தா" என்றார், சுவரிடமே. "எல்லாரும் என்னைய நம்பித்தானே அனுப்பினாங்க. வருந்தச் சொன்னாங்க. அது ஒண்ணுதான் வேலை. தண்ணியப் பாத்ததும் சிரிச்சுட்டேன்."

அக்கா அவருக்கு எதிரில், தரையில் உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கையால் அவர் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"தம்பி சொன்னான். வாய்விட்டுச் சிரிச்சியாமே."

"ம்."

"பல்லெல்லாம் தெரிய?"

"ம்."

"நான் பாத்து எத்தனை வருஷமாச்சு" என்றாள் அக்கா. "பாழாப்போனவனுங்க, யார் யாரையோ கூப்பிட்டு உக்கார வெச்சானுங்களே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? உப்ப அப்படியே போட்டுட்டு ஓடி வந்திருப்பேனே."

அப்போதுதான் அவர் அழுதார். அக்கா அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் வெளியே வந்து மூட்டைகளைக் கட்டுவதுபோல் கட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். மிச்சமிருந்தது சில குடும்பங்கள்தான். நெடுஞ்சாலைக்குக் கரையைச் சுற்றிப் போகும் வழி நீளம். முன்பெல்லாம் வளைகுடாவைப் படகில் கடப்போம். இப்போது குறுக்கே நடந்தால் போதும், எதிர்க்கரையில் பேருந்து நிற்கும் இடம் இங்கிருந்தே தெரியும். கம்பளி, பானை, கோழி என்று கைக்கு அகப்பட்டதைச் சுமந்துகொண்டு இறங்கினோம். முன்னால் தோரிபியோ போனார். அவர்தான் எப்போதும் முன்னால் போவார்.

பாதி தூரம் நேராகப் போனவர், நின்று இடதுபக்கத்து மலையைப் பார்த்தார், பின்னால் திரும்பி ஊரைப் பார்த்தார். பிறகு சட்டென்று வலதுபக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார். அங்கே ஒன்றுமில்லை. மற்ற இடங்களைப் போலவே வெடித்த களிமண். எதிர்க்கரையிலிருந்து விலகி விலகிப் போனோம்.

"அத்தான், நேராவே போலாமே" என்றேன். "பஸ் வர்ற நேரமாச்சு."

"அங்க ஆழம்டா" என்றார், திரும்பிப் பார்க்காமல். "கழி எட்டாது."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சுத்தியே போலாம் தம்பி" என்றாள். "பொம்பளைங்க, கோழியெல்லாம் இருக்குல்ல."

பின்னால் வந்தவர்கள் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஆழத்தை ஒதுக்கி, பெரிய வளைவாக, அவர் மிதித்த இடத்தில் மிதித்து, ஒருவர் பின் ஒருவராக எதிர்க்கரை ஏறினோம். நாங்கள் ஏறும்போது பேருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டிருந்தது. தோரிபியோ கரையில் நின்று எல்லோரும் ஏறிவிட்டோமா என்று தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரும் மூழ்கவில்லை. அதன் பிறகுதான் அவர் மூட்டையைக் கீழே இறக்கி வைத்தார்.